பச்சை குத்திக்கொள்வதா, வேண்டாமா, குத்தினால் எங்கே?

டாட்டூ குத்திக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் படத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்; பிறகு கடையை விசாரிக்கிறார்கள்; கடையில் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு உடம்பில் எந்த இடம் என்று யோசிக்கிறார்கள்; எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து அம்மாவின் முகத்தைப் பார்க்கும்போதுதான் குத்தியிருக்கத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு வந்து சேர்கிறார்கள். இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது. முதலில் வேண்டுமா என்பது, அடுத்து உடம்பில் எந்த இடம் என்பது, அதற்கடுத்து யாரிடம் என்பது. என்ன படம் என்பது கடைசியில் வந்தால் போதும், ஏனென்றால் முந்தைய மூன்றும் முடிவாகிவிட்டால் படத்தின் அளவும் நிறமும் பாதிக்கு மேல் தாமாகவே முடிவாகிவிடும்.

என் அப்பத்தாவின் வலது முன்கையில் ஒரு புள்ளிக் கோலமும் அதன் கீழே மூன்று எழுத்துகளும் இருந்தன. அவை எழுத்துகள் என்பதே அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். பதினைந்து, பதினாறு வயதில், வாசலில் குரல் கொடுத்துக்கொண்டு வந்த குறத்தி, விளக்குக் கரியைத் தாய்ப்பாலில் குழைத்து, நாலைந்து ஊசிகளைச் சேர்த்துக் கட்டிக் குத்திவிட்டு, ஒரு படி நெல் வாங்கிக்கொண்டு போனாராம். எழுபது வயதில் அந்தக் கோலத்தின் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து, கம்பிகள் தடித்து, முழுவதும் ஒரு பச்சைப் பாசித் திட்டாகியிருந்தது. "செத்தா கூட வர்றது இது ஒண்ணுதான்" என்று அதைத் தடவிக்கொண்டே சொல்வார். அவருக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. ஆனால் இன்று அதே முன்கையில் ரோமம் போன்ற மெல்லிய கோடுகளால் ஒரு மயில் வரைந்துகொள்ள விரும்புகிறவர், ஐம்பத்தைந்து ஆண்டுக்குப் பிறகு ஒரு கோடு என்னவாகும் என்பதை அந்தக் கையில் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

அது ஏன் அப்படி ஆகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்ற முடிவுகள் எளிதாகும். நம் மேல்தோல் ஏறத்தாழ மாதத்துக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகிறது. மருதாணி அங்கேயே நிற்பதால்தான் இரண்டு வாரத்தில் போய்விடுகிறது. டாட்டூ ஊசி அதற்கும் கீழே, ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில், உள்தோலில் மையை வைக்கிறது. உடல் அதை அந்நியப் பொருளாகத்தான் பார்க்கிறது. நோய் எதிர்ப்பு அணுக்கள் மைத்துகளை விழுங்குகின்றன, செரிக்க முடியாமல் அங்கேயே தங்குகின்றன, அவை இறந்தால் சிந்திய மையைப் புதிய அணுக்கள் விழுங்குகின்றன. நாம் டாட்டூ என்று பார்ப்பது பெரும்பாலும் இந்த அணுக்களின் வயிற்றில் இருக்கும் மையைத்தான். ஒவ்வொரு கைமாறலிலும் துகள்கள் இம்மியளவு நகர்கின்றன. கொஞ்சம் நிணநீர்க் கணுக்களுக்கும் போகிறது. கறுப்புக் கரி தோலுக்கு அடியிலிருந்து நீலமாகவோ பச்சையாகவோ தெரிவது ஒளி தோலில் சிதறுவதால். ஆகவே கோடு பரவுவதும் நிறம் மாறுவதும் குத்தியவரின் கைத்தவறு மட்டுமல்ல. நல்ல கையும் அதைத் தள்ளிப்போடத்தான் முடியும்.

வேண்டுமா என்ற கேள்வி

இதை மனத்திடம் கேட்பதற்கு முன் தோலிடம் கேட்க வேண்டும். நம்மில் பலருக்கு இடது தோளில் பி.சி.ஜி. தடுப்பூசியின் தழும்பு இருக்கும். அது சிறு குழியாகவோ தட்டையாகவோ இருந்தால் கவலையில்லை. ஊசி போட்ட இடத்தைத் தாண்டி வளர்ந்து, பளபளப்பாக மேடிட்டு, அவ்வப்போது அரிக்கிறது என்றால் உங்கள் தோலுக்குக் கெலாய்டு என்னும் மிகைத்தழும்பு வரும் இயல்பு இருக்கலாம். காது குத்திய இடத்தில் உருண்டையாகக் கட்டி எழுந்திருந்தாலும், அறுவைச் சிகிச்சைத் தழும்பு கயிறுபோல் தடித்திருந்தாலும் அதே ஐயம்தான். அப்படிப்பட்டவர்கள் டாட்டூவைத் தவிர்ப்பதே மேல். குறைந்தது தோல் மருத்துவரிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. மாநிறத்தவருக்கும் கறுத்தவர்களுக்கும் கெலாய்டு வரும் வாய்ப்பு வெள்ளையரைவிட அதிகம் என்பதால், வெளிநாட்டுக் காணொளிகளில் இதைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று இருந்துவிட வேண்டாம்.

சொரியாசிஸ், வெண்புள்ளி, லைக்கன் பிளேனஸ் ஆகியவை உள்ளவர்களுக்குத் தோலில் காயம்படும் இடத்தில் அந்த நோயே புதிதாகக் கிளம்பக்கூடும். ஊசி குத்துவதும் காயம்தான். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுகிறவர்கள் தங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்ட பிறகே கடைக்குப் போக வேண்டும். கருவுற்றிருப்பவர்களும் பாலூட்டுகிறவர்களும் ஒத்திப்போட வேண்டும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஊசியால் பரவும் நோய்களில் ஹெபடைட்டிஸ் பி-க்கு மட்டும் தடுப்பூசி இருக்கிறது. ஹெபடைட்டிஸ் சி-க்கும் எச்.ஐ.வி.க்கும் இல்லை. அரசின் குழந்தைத் தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைட்டிஸ் பி நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது 2011 வாக்கில்தான் என்பதால், இன்று இருபதுகளில் இருக்கும் பலர் அதைப் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். மூன்று தவணைகள், முடிய ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தையே யோசிப்பதற்கான காலமாக வைத்துக்கொண்டால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும்.

இரத்ததானம் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது: டாட்டூ குத்திக்கொண்டால் அதன் பிறகு 12 மாதங்களுக்கு இந்தியாவில் இரத்தம் கொடுக்க முடியாது. வீட்டில் யாருக்காவது அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறது, இரத்தம் கொடுக்க வேண்டியவர் நீங்கள் என்றால், நாள் பார்த்துக் குத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது வேலை. தென் மாவட்டங்களிலும் வட மாவட்டங்களிலும் இராணுவத்துக்கும் துணை இராணுவத்துக்கும் ஓடிப் பழகும் பையன்கள் நிறைய. இராணுவத் தேர்வில், உள்முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரையிலான முன்கையின் உட்பக்கத்திலும் புறங்கையிலும் மட்டுமே நிரந்தரப் பச்சையை அனுமதிக்கிறார்கள். தங்கள் மரபுப்படி குத்திக்கொண்ட பழங்குடியினருக்கு விலக்கு உண்டு. மத்திய ஆயுதக் காவல் படைகளுக்கான விதி இன்னும் இறுக்கமானது: வணக்கம் செலுத்தும் கை வலது என்பதால் முன்கையென்றால் இடது முன்கையின் உட்பக்கம், இல்லையேல் புறங்கை, அளவு அந்த உறுப்பின் கால் பங்குக்குக் கீழே, குத்தியிருப்பதும் சமயச் சின்னமாகவோ பெயராகவோ இருக்க வேண்டும். மார்பில் சிங்கமும் தோளில் சூலமும் குத்திக்கொண்டு, ஓட்டத்தில் முதலாவதாக வந்து, மருத்துவச் சோதனையில் வெளியே வந்த இளைஞனுக்கு ஆறுதல் சொல்ல வார்த்தை கிடையாது. விமானப் பணியாளர் வேலைக்கும் சீருடைக்கு வெளியே தெரியும் டாட்டூ பொதுவாகத் தடைதான். எந்தத் தேர்வுக்குப் போகிறீர்களோ அதன் அறிவிக்கையை நீங்களே எடுத்து, டாட்டூ பற்றிய பத்தியைப் படியுங்கள். நண்பன் சொன்னதை நம்ப வேண்டாம்.

பயணத்துக்கும் இது பொருந்தும். 2014-இல் கையில் புத்தர் உருவத்தோடு கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கிய பிரிட்டன் பெண் ஒருவரை இலங்கையில் கைது செய்து நாடு கடத்தினார்கள். மூன்று ஆண்டு கழித்து அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது என்றாலும், விடுமுறை போனது போனதுதான். தெய்வ உருவங்களை எங்கே குத்தினாலும், குறிப்பாக இடுப்புக்குக் கீழே, யாராவது புண்படுவார்கள் என்பதை நம் ஊரிலும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

பெயர்களைப் பற்றி எல்லோரும் எச்சரிக்கிறார்கள், யாரும் கேட்பதில்லை. என் கணிப்பு இது: இறந்தவர்களின் பெயரும் பிள்ளைகளின் பெயரும் பெரும்பாலும் வருத்தம் தருவதில்லை, காதலர் பெயரும் தலைவர் படமும்தான் காலத்தோடு தகராறு செய்கின்றன. எம்.ஜி.ஆர். காலத்தில் கட்சி அடையாளத்தைக் கையில் குத்திக்கொண்டவர்களும், 2016 பிப்ரவரியில் ஜெயலலிதாவின் 68-ஆவது பிறந்தநாளையொட்டி அவர் முகத்தைக் குத்திக்கொண்டவர்களும் உண்டு. கட்சி மாறுகிறவர்கள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளலாம் என்பது தவிர எனக்கு வேறு யோசனை தோன்றவில்லை.

அழித்துவிடலாமே என்று நினைப்பவர்களுக்கு: லேசரில் அழிக்கலாம், ஆனால் அது ஒருநாள் வேலையல்ல. லேசர் மையைச் சிறு துகள்களாக உடைக்கும். உடைந்ததை உடல்தான் மெல்ல மெல்ல அப்புறப்படுத்த வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறேழு முறையாவது, பலருக்குப் பத்து முறைக்கு மேலும் போக வேண்டியிருக்கும். அதாவது ஓராண்டு, ஒன்றரை ஆண்டு. கறுப்பு ஓரளவு நன்றாகப் போகும். பச்சையும் மஞ்சளும் பிடிவாதமானவை. நம் நிறத்தில் லேசர் பட்ட இடம் வெளுத்தோ கறுத்தோ நின்றுவிடும் வாய்ப்பும் இருக்கிறது. குத்தும்போது கொடுத்த பணம்போல் பல மடங்கு அழிக்கும்போது ஆகும்.

ஆகவே ஒத்திகை பாருங்கள். நினைத்த படத்தை நினைத்த இடத்தில் பேனாவால் வரைந்தோ, ஒட்டு டாட்டூவாக அச்சடித்தோ ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கையோடு அலுவலகத்துக்கும், ஒரு கல்யாண வீட்டுக்கும், ஒரு துக்க வீட்டுக்கும் போய்வாருங்கள். எந்த இடத்தில் கை தானாகச் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொள்கிறது என்று கவனியுங்கள். இந்த ஒத்திகைக்குக் 'கறுப்பு மருதாணி' மட்டும் வேண்டாம். மருதாணி சிவக்கும், கறுக்காது. கறுப்பாக வருவதற்குத் தலைச்சாயத்தில் இருக்கும் பி.பி.டி. என்ற வேதிப்பொருளைக் கலப்பார்கள். அது தோலைப் பொத்துப் போக வைப்பதோடு, பிற்காலத்தில் தலைக்குச் சாயம் போடவே முடியாத ஒவ்வாமையையும் உண்டாக்கலாம்.

உடம்பில் எந்த இடம்

மேற்கையின் வெளிப்புறமும் முன்கையின் உட்புறமும்தான் முதல் டாட்டூவுக்கு ஏற்றவை. தோல் அதிகம் நீள்வதில்லை, சதைப்பற்று இருப்பதால் வலி தாங்கக்கூடியதாக இருக்கும், ஆறும்போது நீங்களே பார்த்துக் கழுவிக்கொள்ளலாம், வேண்டாதபோது சட்டைக்குள் மறைத்துக்கொள்ளலாம். விலா எலும்பு, கணுக்கால், முதுகுத்தண்டு, அக்குள் ஓரம் ஆகியவை நன்றாக வலிக்கும் இடங்கள். வலி கூட ஒருநாளோடு போய்விடும். நிறம் நிற்பதுதான் முக்கியம். விரல்களின் பக்கவாட்டிலும் உள்ளங்கையிலும் பாதத்தின் ஓரத்திலும் தோல் வேகமாகத் தேய்வதால் சில மாதங்களிலேயே மை திட்டுத்திட்டாகப் போய்விடும். மோதிரத்துக்குப் பதில் விரலில் குத்திக்கொள்ளும் இணையர்கள் இதைத் தெரிந்துகொண்டு செய்யட்டும்.

உரசும் இடங்களை யாரும் முன்கூட்டி நினைப்பதில்லை. பாவாடை நாடா இறுக்கும் இடுப்பு, பையின் வார் அழுத்தும் தோள், கடிகாரப் பட்டை, செருப்பு வார் விழும் புறங்கால், தாலிச் சங்கிலி அசையும் பின்கழுத்து ஆகிய எல்லாம் ஆறும் காலத்தில் தொல்லை தரும். பைக் ஓட்டுகிறவரின் முன்கை வெளிப்புறம் நாள் முழுவதும் வெயிலில் இருப்பதால் அங்கே நிறம் சீக்கிரம் வெளிறும். வயிற்றின் தோல் பேறுகாலத்திலும் எடை ஏறி இறங்கும்போதும் நீண்டு சுருங்கும். மார்பின் நடுப்பகுதியும் தோளும் கெலாய்டு அதிகம் தோன்றும் இடங்கள் என்பதால், ஐயமிருப்பவர்கள் அங்கே கிட்டேயே போகக் கூடாது. கீழ்முதுகில் குத்திக்கொள்ளும் பெண்களுக்கு ஒரு செய்தி: பிரசவத்திலோ அறுவைச் சிகிச்சையிலோ முதுகில் மயக்க ஊசி போடும் மருத்துவர், மை இல்லாத தோலைத் தேடி ஊசியைப் போடவே விரும்புவார். ஆகவே தண்டுவடத்துக்கு நேராக மையை நிரப்பாமல் இருப்பது நல்லது. மச்சத்தின் மேல் எங்கேயும் குத்தக் கூடாது. மச்சம் வடிவமோ நிறமோ மாறினால் மருத்துவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மை அதை மறைத்துவிடும்.

கழுத்தையும் முகத்தையும் கைவிரல்களையும் முதல் டாட்டூவுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நல்ல கலைஞர்களில் பலர் வேறு டாட்டூவே இல்லாத இளைஞர் கழுத்தைக் காட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அனுப்பாமல் உடனே நாற்காலியைக் காட்டுகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

நிறத்தைப் பொறுத்தவரை, மை நம் மேல்தோலுக்குக் கீழே இருக்கிறது. நாம் அதைத் தோலின் நிறத்தினூடேதான் பார்க்கிறோம். மாநிறத்தில் வெள்ளையும் இளமஞ்சளும் இளநீலமும் சில மாதங்களில் அழுக்குபோல் மங்கும். கறுப்பும் அடர்சிவப்பும் அடர்நீலமும் நிற்கும். சிவப்பு மைக்குத்தான் ஒவ்வாமை அதிகம் வருகிறது என்பதால், என்னைக் கேட்டால் கறுப்போடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். அப்பத்தாவும் கரியோடு நிறுத்திக்கொண்டவர்தான்.

தமிழில் எழுத்து குத்துகிறவர்கள் கவனத்துக்கு

இதற்குத் தனியாக இடம் ஒதுக்கக் காரணம் என் சொந்த அனுபவம். இடது முன்கையில் 'பொறு' என்ற ஒரே சொல்லைக் குத்திக்கொள்ளப் போயிருந்தேன். கலைஞர் கணினியில் எழுத்துரு தேடி, அச்செடுத்து, ஊதாநிற ஸ்டென்சில் தாளைக் கையில் ஒட்டி உரித்தார். பார்த்தேன், 'ப'வுக்கு முன்னால் கொம்பு இல்லை. ப முதலில் நின்றது, கொம்பும் காலும் அதற்குப் பின்னால் ஒன்றாக விழுந்து கிடந்தன. படம் வரையும் மென்பொருள்களில் இந்திய எழுத்துமுறைக்கான அமைப்பைத் தேர்வு செய்யாவிட்டால் தமிழ் எழுத்துகள் இப்படித்தான் உடையும். கொம்பு இடம் மாறும், சில நேரம் புள்ளிவட்டம் ஒன்றும் கூடவே வந்து நிற்கும். அவர் தமிழர்தான், என்றாலும் வடிவமாக மட்டுமே பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் கண்ணுக்கும் தப்பிவிட்டது. ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தால் ஸ்டென்சில் போய்விடும். ஊசி பட்ட பிறகு எதுவும் போகாது.

அதனால் சொல்லை நீங்களே வெள்ளைத் தாளில் கையால் எழுதிக்கொண்டு போங்கள். உங்கள் கையெழுத்தோ அம்மாவின் கையெழுத்தோ எந்த எழுத்துருவையும்விட நன்றாக இருக்கும். ஸ்டென்சில் ஒட்டியதும் கண்ணாடியில் பார்த்துச் சரிபார்க்க வேண்டாம், கண்ணாடியில் எழுத்து திரும்பித் தெரியும். கைப்பேசியின் முன்பக்கக் கேமராவும் சில நேரம் அதையே செய்யும். உடன் வந்தவரை எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள். ர, ற, ன, ண, ல, ள, ழ ஆகியவற்றில் தடுமாற்றம் இருந்தால் அகராதியைப் பார்த்துவிட்டு வாருங்கள். அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். ண-வின் சுழிகளும் இ-யின் உள்வளைவும் மை பரவினால் அடைத்துக்கொள்ளும்; மெய்யெழுத்தின் புள்ளி பரவிக் கீழே எழுத்தோடு ஒட்டிக்கொண்டால் 'கண்' என்பது 'கண' ஆகிவிடும். எழுத்தின் உயரம் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் இருபது ஆண்டு கழித்தும் படிக்கலாம். நீண்ட திருக்குறள் ஒன்றை மணிக்கட்டைச் சுற்றி எறும்பு அளவில் குத்திக்கொள்கிறவர்களுக்கு, குறள் மனப்பாடமாகத் தெரிந்திருப்பது பிற்காலத்தில் உதவும்.

யாரிடம் குத்திக்கொள்வது

மருத்துவருக்கு இருப்பதுபோல் டாட்டூ குத்துகிறவருக்குப் பதிவு எண் கிடையாது. சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ் பெரும்பாலும் ஏதோ ஒரு பயிற்சி வகுப்பு கொடுத்தது. ஆகவே நீங்கள்தான் பார்க்க வேண்டும். முதல்முறை பணம் எடுத்துக்கொள்ளாமல் போங்கள். வேறு யாருக்காவது குத்திக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். ஊசிக் கேட்ரிட்ஜை உறையோடு எடுத்து வாடிக்கையாளர் கண்ணெதிரே பிரிக்கிறாரா, உறையில் காலாவதித் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். மையைப் பெரிய புட்டியிலிருந்து சின்னஞ்சிறு மூடிகளில் ஊற்றி, முடிந்ததும் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். மறுபடி புட்டியில் ஊற்றக் கூடாது. அடர்த்தியைக் குறைக்கக் குழாய்த் தண்ணீரையோ கேன் தண்ணீரையோ கலக்கிறார் என்றால் அங்கேயே முடிவெடுத்துவிடலாம்: அந்தத் தண்ணீரில் வாழும் ஒருவகை மைக்கோபாக்டீரியா வாரங்கள் கழித்துப் பொரிப்பொரியாகக் கிளம்பும், மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வைக்கும்.

நான் முக்கியமாகப் பார்ப்பது கையுறையைத்தான். குத்திக்கொண்டிருக்கும்போது கைப்பேசி அடிக்கும். அதை எடுத்துப் பேசிவிட்டு அதே கையுறையோடு திரும்பி வந்து உட்காருகிறவர், எத்தனை பெரிய கலைஞராக இருந்தாலும் வேண்டாம். இயந்திரத்துக்கும் அதன் வயருக்கும் விளக்கின் கைப்பிடிக்கும் பிளாஸ்டிக் உறை சுற்றியிருக்க வேண்டும். கை கழுவ இடம் இருக்க வேண்டும். பழைய ஊசிகளைப் போட, ஊசி துளைக்காத கெட்டிப் பெட்டி இருக்க வேண்டும். மறுபடி பயன்படுத்தும் உலோகப் பிடிகள் இருந்தால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் கருவி எங்கே என்று கேளுங்கள். 121 டிகிரி நீராவியில் அழுத்தத்தோடு வைப்பதற்கும், வெந்நீரிலோ டெட்டாலிலோ முக்கி எடுப்பதற்கும் நிறைய வேறுபாடு இருக்கிறது. கோயில் திருவிழாவிலும் கடற்கரையிலும் பாய் விரித்து, ஒரே ஊசியால் வரிசையாகக் குத்துகிறவர்களிடம் இதில் ஒன்றும் இருக்காது. நூறு ரூபாய்க்கு ஓம் குத்தினான் என்று பெருமைப்படுவதில் பொருளில்லை.

வேலைத்திறனைப் பார்ப்பதற்கு, குத்தி முடித்தவுடன் எடுத்த படங்களை நம்ப வேண்டாம். அப்போது எல்லாமே கூர்மையாகத்தான் இருக்கும், போதாததற்குப் படத்தை மெருகேற்றும் வடிகட்டி (ஃபில்டர்) வேறு போட்டிருப்பார்கள். ஆறு மாதம், ஒரு வருடம் ஆன, ஆறிய டாட்டூவின் படங்களைக் கேளுங்கள். அதுவும் உங்கள் நிறத்தில் உள்ளவர்களுடையதைக் கேளுங்கள். மைப்புட்டியின் பெயரையும் தொகுதி எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் டாட்டூ மையில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களுக்கு வரம்பு விதித்திருக்கிறது. பின்னால் ஒவ்வாமை வந்தால் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி என்ன மை என்பதாகத்தான் இருக்கும்.

மரத்துப்போகும் களிம்பைக் கடைக்காரர் தாராளமாகப் பூசினால் அதில் எத்தனை சதவீதம் லிடோகைன் என்று கேளுங்கள். 4 சதவீதத்துக்கு மேற்பட்ட களிம்புகளை இப்படிப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 மார்ச்சில் எச்சரித்தது. பெரிய பரப்பில் பூசி, பிளாஸ்டிக் சுற்றி வைத்தால் மருந்து இரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே பாதிக்கலாம். டாட்டூ கடையில் டாட்டூவைத் தாண்டி வேறெதுவும் செய்துகொள்ளவும் கூடாது. 2024 டிசம்பரில் திருச்சியில் நாக்கைப் பிளக்கும் வேலையைச் செய்துவந்த டாட்டூ கடை ஒன்றை மூடி முத்திரையிட்டு இருவரைக் கைது செய்தார்கள்.

பெண்கள் துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு போவதும், ஆடை விலக்க வேண்டிய இடமென்றால் பெண் கலைஞரைத் தேடுவதும் சரியான முன்யோசனையே. உடன் வந்தவரை வெளியே உட்காரச் சொல்லும் கடையில் உட்கார வேண்டாம்.

விலையை அங்குலக் கணக்கில் சொல்வார்கள், குறைந்தபட்சக் கட்டணம் ஒன்றும் இருக்கும். அந்தக் குறைந்தபட்சத்தை வீணாக்க வேண்டாமே என்று சின்னப் படத்தைப் பெரிதாக்கிக்கொள்வது பலர் செய்யும் தவறு. பேரம் பேசலாம், ஆனால் ஊசியையும் நேரத்தையும் குறைக்கும் அளவுக்குப் பேசக் கூடாது.

குத்துகிற நாளும் அதன் பிறகும்

நன்றாகத் தூங்கி, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றில் போனால் மயக்கம் வரும். முந்தின இரவு மது வேண்டாம். சித்திரை வெயிலிலும் வேர்வையிலும் ஆறுவது தாமதமாகும் என்பதால், முடிந்தால் மார்கழி, தை மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் குற்றாலத்துக்கோ இராமேசுவரத்துக்கோ பயணம் இருந்தால் ஒத்திப்போடுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு அருவி, கடல், குளம், நீச்சல் குளம் எதிலும் இறங்கக் கூடாது. குளிக்கலாம், ஊற வைக்கக் கூடாது.

ஒட்டிவிட்ட உறையை அவர் சொன்ன நேரத்தில் எடுத்து, சுத்தமான கையால், வாசனையில்லாத சோப்பும் தண்ணீரும் கொண்டு மெதுவாகக் கழுவி, ஒற்றி எடுத்து, அவர் சொன்ன களிம்பை மெல்லிசாகப் பூச வேண்டும். வீட்டில் பெரியவர்கள் மஞ்சளையும் தேங்காயெண்ணெயையும் எடுத்துக்கொண்டு வருவார்கள். அன்போடு மறுத்துவிடுங்கள், அது திறந்த புண். நாலைந்து நாளில் பக்கு கட்டி உதிரத் தொடங்கும், தாங்க முடியாமல் அரிக்கும். சொரிந்தால் பக்கோடு மையும் வந்துவிடும். மூன்று நாளுக்குப் பிறகும் சிவப்பும் வலியும் குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, புண்ணிலிருந்து சிவப்புக் கோடு ஒன்று மேலே ஓடினாலோ கடைக்குப் போன் போடாமல் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

ஒரு மாதத்துக்கு மேலே தோல் பழைய நிலைக்கு வந்த பிறகுதான் எங்கே மை பிடிக்கவில்லை என்பது தெரியும். விட்டுப்போன கோடுகளைச் சரிசெய்ய ஒருமுறை கட்டணமில்லாமல் வரச் சொல்வது பல கடைகளில் வழக்கம்; அது உண்டா என்பதை முன்பணம் கொடுக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் போகும்போது, பகல் வெளிச்சத்தில், வடிகட்டி எதுவும் போடாமல் எடுத்த படம் ஒன்றைக் கலைஞரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். ஆறிய டாட்டூ படம் இருக்கிறதா என்று அடுத்து வந்து கேட்கிறவருக்குக் காட்ட அவரிடம் ஒன்றாவது இருக்கும்.